ஸ்லைசர்ல ஸ்கேன் லோட் ஆகலையா? எங்க மாட்டுதுன்னு பாருங்க

ஸ்கேன் சென்டர்ல குடுத்த டிஸ்க்க காப்பி பண்ணி 3டி ஸ்லைசர்ல (ஸ்கேன் படங்கள 3டியா பாக்க, அளக்க உதவுற இலவச சாஃப்ட்வேர்) போட்டு ஒண்ணும் வரலன்னா, உடனே சாஃப்ட்வேர தூக்கிட்டு திரும்ப இன்ஸ்டால் பண்ண இறங்கிடாதீங்க, பெரும்பாலும் கோளாறு ஃபைல்லயோ நாம திறக்குற விதத்துலயோதான் இருக்கும். வியூ மெனுல எர்ரர் லாக்னு ஒண்ணு இருக்கு, அத திறந்து வச்சுக்கிட்டு லோட் பண்ணுங்க. முதல்ல வர்ற எர்ரர் வரிய நல்லா படிங்க, கீழ வரிசையா கொட்டுறது பாதிக்கு மேல அதோட விளைவுதான்.

டைகாம் ஃபைலுக்கு (சிடி, எம்ஆர்ஐ மாதிரி ஸ்கேன் படங்கள சேமிக்குற பொதுவான ஃபார்மட்) ஆட் டேட்டா பட்டன் வேண்டாம், டைகாம் மாட்யூல் வழியாவே போங்க. அங்க ரெண்டு வேலை இருக்கு. இம்போர்ட் பண்ணா டேட்டாபேஸ்ல பேர் ஏறும், அவ்ளோதான், அப்புறம் பேஷன்ட், ஸ்டடி, சீரிஸ்னு செலக்ட் பண்ணி லோட் குடுத்தாதான் படம் வரும். நிறைய பேர் இம்போர்ட்டோட நிறுத்திட்டு எர்ரர்னு நினைச்சுடுறாங்க.

லிஸ்ட்லயே ஏறலன்னா ஃபைல் நெசமாவே டைகாமான்னு பாருங்க. எக்ஸ்டென்ஷன் இல்லாம இருந்தா தப்பில்ல, டிஸ்க்ல அப்படி வர்றது சகஜம். ஹெக்ஸ் எடிட்டர்ல (ஃபைல பைட் பைட்டா காட்டுற டூல்) திறந்தா முதல் 128 பைட் தாண்டினதும் டி, ஐ, சி, எம்னு நாலு எழுத்து தெரியணும். சில டிஸ்க்ல வியூவரும் ஜேபெக் படமும் மட்டும்தான் இருக்கும், அதுக்கு சென்டர்லயே திரும்பப் போய் டைகாமா கேட்டு வாங்குங்க. ஃபோல்டர் பேர தமிழ்ல வச்சிருந்தா விண்டோஸ்ல ஸ்லைசரோட பழைய வெர்ஷன் திணறும், இங்கிலீஷ் எழுத்துல சின்ன பேரா மாத்திடுங்க.

லிஸ்ட்ல ஏறுது, லோட் குடுத்தா மட்டும் ஃபெயில் ஆகுதுன்னா கம்ப்ரெஷன சந்தேகப்படுங்க, ஜேபெக் 2000ல சுருக்கினத எல்லா ரீடராலயும் படிக்க முடியாது. டைகாம் செட்டிங்ஸ்ல ரீடர ஜிடிசிஎம்முக்கு (டைகாம் படிக்குற இன்னொரு லைப்ரரி) மாத்திப் பாருங்க.

எர்ரரே காட்டாம லோட் ஆகுறதுதான் எனக்கு ரொம்ப பயம். காப்பி பண்ணும்போது நடுவுல ஒரு ஸ்லைஸ் (ஸ்கேனோட ஒரு குறுக்குவெட்டு படம்) விட்டுப்போச்சுன்னா கூட படம் அழகா வந்து நிக்கும், ஆனா அந்த இடத்துக்கு மேல எல்லாமே தள்ளிப்போயிருக்கும், கட்டியோட அளவு எடுத்தா தப்பா வரும். டைகாம் மாட்யூல்ல அட்வான்ஸ்ட் டிக் பண்ணி எக்ஸாமின் குடுங்க, ஸ்லைஸ் இடைவெளி சமமா இல்லன்னா வார்னிங் வரும். அத கண்டுக்காம ஓகே அடிக்காதீங்க, ஒவ்வொரு ஸ்லைஸோட பொசிஷன் டேக்கயும் (அந்த ஸ்லைஸ் எங்க இருக்குன்னு ஹெட்டர்ல இருக்குற எண்) பாருங்க, -120, -119, -117னு போனா -118 காணோம்னு அர்த்தம். ஜியோமெட்ரி ரெகுலரைசேஷன் (சமமில்லாத இடைவெளிய சரிபண்ற செட்டிங்) ஆன் பண்ணா இடம் சரியாகும், காணாமப்போன ஸ்லைஸ் அதால திரும்பி வராது, மறுபடி காப்பி எடுக்கணும்.

நிஃப்டி ஃபைல்னா (ஆராய்ச்சில அதிகம் புழங்குற இன்னொரு ஸ்கேன் ஃபார்மட்) சில நேரம் ஆர்த்தோநார்மல் டைரக்‌ஷன் பத்தி ஒரு எர்ரர் வரும், ஹெட்டர்ல திசை அச்சு மூணும் ஒண்ணுக்கொண்ணு சரியான செங்கோணத்துல இல்லன்னு அர்த்தம். ஹெட்டர்ல படத்தோட இடமும் திசையும் கியூஃபார்ம், எஸ்ஃபார்ம்னு ரெண்டு விதமா இருக்கும், பைத்தான்ல நிபேபல்ங்கிற லைப்ரரி வச்சு கியூஃபார்ம எடுத்து எஸ்ஃபார்ம்லயும் அதையே போட்டு சேவ் பண்ணா பெரும்பாலும் திறந்துடும், ஆனா திறந்ததும் இடது வலது மாறலையேன்னு ஒரிஜினலோட ஒப்பிட்டுப் பாக்காம அடுத்த வேலைக்கு போகாதீங்க.

பாதில க்ராஷ் ஆனா மெமரி பத்தலையான்னு பாருங்க. 512க்கு 512 சைஸ்ல 1000 ஸ்லைஸ்னாலே 500 எம்பிக்கு மேல, செக்மென்டேஷன் (உறுப்பையோ கட்டியையோ தனியா பிரிச்சு குறிக்குறது) பண்ணா அதுபோல பல மடங்கு கேக்கும்.

யார்கிட்டயாவது உதவி கேக்குறதா இருந்தா ஸ்லைசர் வெர்ஷன், ஓஎஸ், லாக் மூணையும் குடுங்க. ஸ்கேன அப்படியே தூக்கி அனுப்பிடாதீங்க, டைகாம் ஹெட்டர்ல பேஷன்ட் பேர், பொறந்த தேதி எல்லாம் இருக்கும், லாக்ல ஃபோல்டர் பேர்லகூட பேர் இருக்கலாம், அத அழிச்சுட்டு அனுப்புங்க.