6061 அலுமினியம் வெல்டிங்கில் விரிசல் விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி

டிக் வெல்டிங் (ஆர்கான் வாயுவின் பாதுகாப்பில் மின் ஆர்க்கால் உருக்கி ஒட்டும் முறை) முடித்து ஹெல்மெட்டைத் தூக்கினால் பீட், அதாவது வெல்டு வரி, பளபளவென்று இருக்கும், ஆனால் நடுவில் மயிரிழை மாதிரி ஒரு கோடு ஓடியிருக்கும். 6061 வகை அலுமினியத்தில் இதற்குப் பெரும்பாலும் கை காரணமில்லை, உருகிய உலோகத்தின் கலவைதான் காரணம். அதில் மெக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்திருக்கும் அளவு, விரிசல் மிக எளிதாக விழும் அளவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உறையும்போது கடைசியாக மிஞ்சும் மெல்லிய திரவப் படலத்தை, சுருங்கும் உலோகம் இரண்டு பக்கமும் இழுத்துக் கிழித்துவிடுகிறது.

அதனால் 6061-ஐ ஃபில்லர் ராடு (உருக்கிச் சேர்க்கும் உலோகக் கம்பி) இல்லாமல் உருக்கி ஒட்டவே ஒட்டாதீர்கள், துண்டுகளைப் பிடித்து நிறுத்தச் சின்ன டேக் போடும்போதும்கூட. 5 சதவீதம் சிலிக்கான் உள்ள 4043 ராடு விரிசலுக்கு நல்ல மருந்து. அனடைஸ் (மின்சாரம் மூலம் மேற்பரப்பில் ஆக்சைடு படலம் ஏற்றுவது) செய்யப்போகிற வேலை என்றால் 4043 கறுத்துவிடும், அங்கே 5356 ராடு போடலாம், ஆனால் தொடர்ந்து 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும் இடத்துக்கு அது வேண்டாம்.

சரியான ராடு போட்டும் வெடிக்கிறதா? அப்படியென்றால் ராடு போதுமான அளவு கலக்கவில்லை. கனமான தகட்டை விளிம்பு சீவாமல் முட்டவைத்து வெல்டு செய்தால் உருகிய உலோகக் குளத்தில் பெரும்பகுதி 6061-ஆகவே இருக்கும். வி வடிவில் சீவுங்கள், ராடைத் தாராளமாக ஊட்டுங்கள். மூலை வெல்டில் பீட் குழிந்திருக்கக் கூடாது, லேசாகப் புடைத்திருக்கட்டும்.

அதிகம் கோட்டைவிடுவது முடிக்கும் இடத்தில்தான். கரண்டைக் கூட்டிக் குறைக்கும் பெடலிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் கடைசியில் ஒரு குழி விழும், உற்றுப் பார்த்தால் அதன் நடுவிலிருந்து நட்சத்திரம் போல மூன்று நான்கு கீறல்கள் பிரிந்து போகும். பெடலை மெதுவாகத் தளர்த்திக்கொண்டே இன்னும் இரண்டு சொட்டு ராடு கொடுத்து, குழி நிரம்பிய பிறகு ஆர்க்கை அணையுங்கள், அப்புறமும் ஆர்கான் ஓடி முடியும்வரை டார்ச்சை நகர்த்தாதீர்கள்.

7075 வகை அலுமினியம் வேறு கதை. செம்பும் துத்தநாகமும் சேர்ந்த அதை, சுமை தாங்கும் வேலைக்குச் சாதாரண ராடு வைத்து ஆர்க்கில் ஒட்டாதீர்கள், பார்க்க நன்றாக வந்தாலும் நம்பாதீர்கள். போல்ட்டோ ரிவெட்டோ போடுங்கள், இல்லையென்றால் உலோகத்தை உருக்காமலே சேர்க்கும் ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் முறைக்குப் போங்கள்.

விரிசல் விழுந்துவிட்டால் அதன் மேலேயே இன்னொரு பீட் ஓட்டாதீர்கள், கீழே இருக்கும் கீறல் மேலே ஏறிவரும். முழுவதும் தோண்டி எடுத்து, கீறலுக்குள் இறங்கி அதைக் காட்டிக்கொடுக்கும் சிவப்பு டை அடித்துப் பார்த்து, கோடு எதுவும் தெரியவில்லை என்றால் மட்டும் மறுபடி ராடைக் கையில் எடுங்கள்.