ஆபரேஷன் தியேட்டருக்கு காம்பாக்ட் கேமரா: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறுவை சிகிச்சையைப் படமெடுக்க கேமரா தேடுபவர்கள் முதலில் மெகாபிக்சலைப் பார்க்கிறார்கள், பிறகு ஜூமை. நான் முதலில் பார்க்கச் சொல்வது தூரத்தை. காயத்திலிருந்து எவ்வளவு தள்ளி நின்று எடுக்கப் போகிறீர்கள் என்பது தெரியாமல் எந்த மாடலையும் தேர்ந்தெடுக்க முடியாது.

பெட்டியில் ‘மேக்ரோ 5 செ.மீ.’ (அவ்வளவு கிட்டத்திலும் ஃபோகஸ் ஆகும்) என்று போட்டிருப்பதை நம்பி வாங்குவதுதான் பெரிய தவறு. பெரும்பாலான கேமராக்களில் அந்த அளவு லென்ஸ் முழு வைடில், அதாவது ஜூம் செய்யாமல் அகலமாகப் பார்க்கும் நிலையில், இருக்கும்போது மட்டுமே பொருந்தும். ஸ்க்ரப் ஆகாதவர் (கை கழுவி, கிருமியற்ற உடையும் கையுறையும் அணியாதவர்) ஸ்டெரைல், அதாவது கிருமி நீக்கிய, பகுதியிலிருந்து குறைந்தது 30 செ.மீ. விலகி இருக்க வேண்டும் என்பது தியேட்டரில் பொதுவாகக் கற்றுத்தரப்படும் விதி. காயத்துக்கு 5 செ.மீ. மேலே கேமராவை நீட்ட யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. அப்படியே நீட்டினாலும், வைடில் கிட்ட இருப்பது பெருத்தும் எட்ட இருப்பது சிறுத்தும் விழும். கட்டியின் அளவைப் பதிவு செய்ய எடுத்த படமே அந்த அளவைத் தவறாகக் காட்டும்.

ஆகவே டெலி முனையில், அதாவது முழுமையாக ஜூம் செய்த நிலையில், எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் என்று தேடிப் பாருங்கள். அது விவரப் பட்டியலில் சிறிய எழுத்தில்தான் இருக்கும். 2012-இல் வந்த முதல் சோனி ஆர்எக்ஸ்100 வைடில் 5 செ.மீ., டெலியில் 55 செ.மீ. கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 2 வைடில் அதே 5 செ.மீ., டெலியில் 40 செ.மீ. விளம்பர எண் ஒன்றாக இருந்தாலும் தியேட்டரில் இரண்டும் ஒன்றல்ல. கணக்குப் போட்டால், முன்னதில் ஃபிரேமின் அகலம் சுமார் 20 செ.மீ. பரப்பைப் பிடிக்கும், பின்னதில் சுமார் 14 செ.மீ. சிறிய காயமானால் பிறகு வெட்டித்தான் பெரிதாக்க வேண்டும். மெகாபிக்சல் உண்மையில் உதவுவது அங்கேதான். டிஜிட்டல் ஜூம் செய்வதும் அதே வெட்டும் வேலைதான், அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். வாங்கும் முன் ஒரு ஸ்கேலை மேசையில் வைத்து, 40 செ.மீ. மேலே பிடித்து, முழு டெலியில் எடுத்துப் பாருங்கள். மில்லிமீட்டர் கோடுகள் தெளிவாகத் தெரியாத கேமரா இந்த வேலைக்கு ஆகாது.

அடுத்தது வெளிச்சம். அலுவலக மேசையில் சுமார் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். அறுவை விளக்கின் மையத்தில், ஒரு மீட்டர் தூரத்தில், 40,000 முதல் 1,60,000 லக்ஸ் வரை இருக்க வேண்டும் என்கிறது சர்வதேசத் தரம். அதனால் அகலமாகத் திறந்து அதிக ஒளி வாங்கும் எஃப்/1.8 லென்ஸுக்காகப் பணம் செலவழிப்பது இங்கே வீண். அவ்வளவு திறந்தால் காயத்தின் விளிம்பு தெளிவாகவும் அடிப்பகுதி மங்கலாகவும் வரும். 1 இன்ச் சென்சாரில் (படத்தைப் பதியும் சில்லு) எஃப்/5.6 அளவுக்குத் திறப்பைச் சுருக்கினால், காயம் மிக ஆழமில்லாதவரை இரண்டும் தெளிவாக வரும். காம்பாக்ட் கேமராவின் சிறிய சென்சார் பெரிய கேமராவை விடச் சாதகமாக இருக்கும் இடம் இது.

வெளிச்சம் அதிகம் என்பதாலேயே படம் நன்றாக வந்துவிடாது. சுற்றிலும் கரும்பச்சைத் துணி, நடுவில் கூசும் ஒளி. ஆட்டோவில் விட்டால் கேமரா துணியைக் கணக்கில் எடுத்துக்கொண்டு காயத்தை வெளிறடித்துவிடும். எக்ஸ்போஷரை (படம் வாங்கும் ஒளியின் அளவு) ஒன்று, ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்) குறைக்கும் வசதியும், ஒரு சிறு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கும் கைக்கெட்டும் பொத்தானில் இருக்க வேண்டும், மெனுவுக்குள் புதைந்திருக்கக் கூடாது. விளக்கின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வைட் பேலன்ஸையும் ஆட்டோவில் விடாதீர்கள். துணி அதிகம் தெரியும் படத்தில் ஒரு சிவப்பு, காயம் நிறைந்த படத்தில் வேறொரு சிவப்பு என்று மாறிக்கொண்டே இருக்கும். குடலுக்கு ரத்த ஓட்டம் இருக்கிறதா என்பதை நிறத்தை வைத்தும்தான் மருத்துவர் மதிப்பிடுகிறார், அந்த நிறத்தில் கேமரா கைவைக்கக் கூடாது. கிரே கார்டை (நிறச்சாயல் இல்லாத சாம்பல் அட்டை) வைத்து வைட் பேலன்ஸை அளந்து பதியும் வசதி கட்டாயம். நிறங்களைத் தூக்கிக் காட்டும் ‘விவிட்’ மோடு வேண்டவே வேண்டாம். சிவப்பு ஏற்கெனவே நிரம்பி வழியும் காட்சியில் அது திசுவின் நுணுக்கங்களை ஒரே சிவப்புத் திட்டாக்கிவிடும். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் (ஒளி அளவுகளின் வரைபடம்) திரையில் இருந்தால் இதை அங்கேயே கண்டுபிடிக்கலாம்.

உள்ளே இருக்கும் ஃபிளாஷை நம்பாதீர்கள். கிட்டத்தில் எடுக்கும்போது நீண்டிருக்கும் லென்ஸின் நிழலே படத்தில் விழும், ஈரத் திசுவில் வெள்ளைப் புள்ளிகள் தெறிக்கும்.

சுத்தம் செய்வதைப் பலர் யோசிப்பதே இல்லை. வெளியே வந்து உள்ளே போகும் லென்ஸ் குழாயின் இடுக்குகளைத் துடைக்க முடியாது. ஒலிம்பஸ் டிஜி-6 போன்ற தண்ணீர் புகாத கேமராவில் லென்ஸ் உடலுக்குள்ளேயே நகர்வதால் துடைப்பது எளிது, ஜூம் செய்தும் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும். சென்சார் சிறியதுதான், ஆனால் இவ்வளவு வெளிச்சத்தில் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது. ஒன்றை மறக்க வேண்டாம்: தண்ணீர் புகாது என்பது தண்ணீருக்கான உத்தரவாதம் மட்டுமே. கிருமிநாசினியில் முக்கினால் ரப்பர் சீல்கள் கெடலாம். எந்தத் திரவத்தால் துடைக்கலாம் என்று கையேட்டில் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

கேமராவைப் பிடிக்கப் போவது பெரும்பாலும் சர்ஜன் அல்ல, ஸ்க்ரப் ஆகாமல் தியேட்டரில் வெளிவேலைகளைக் கவனிக்கும் சர்குலேட்டிங் நர்ஸ். அவர் ஸ்டூலில் ஏறி, கையை நீட்டி, லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து எடுப்பார். அப்போது திரை கேமராவின் அடிப்பக்கம் நோக்கிச் சாய வேண்டும். செல்ஃபிக்காக மேல்நோக்கி மட்டும் மடங்கும் திரை இங்கே பயன்படாது. கையுறையோடு அழுத்தக்கூடிய நிஜப் பொத்தான்கள் வேண்டும். எல்லா அமைப்புகளையும் டயலில் ஒரே இடத்தில் சேமிக்க முடிந்தால், புதிதாக வருபவரும் முதல் நாளிலேயே சரியாக எடுப்பார்.

கடைசியாக, வைஃபை. எடுத்தவுடன் போனுக்குத் தானாகப் படம் போகும் வசதியை விற்பனையாளர் பெரிதாகச் சொல்வார். நோயாளியின் உடல் ஒருவரின் சொந்தப் போனில், அங்கிருந்து அவருடைய கிளவுடில் போய் உட்காருவதற்கு நோயாளி சம்மதிக்கவில்லை. வைஃபையையும் ஜிபிஎஸையும் முழுவதுமாக அணைக்க முடிகிற மாடலை எடுங்கள். தேதியையும் நேரத்தையும் சரியாக வையுங்கள். மெமரி கார்டு மருத்துவமனையுடையதாகவே இருக்கட்டும், படங்களைப் பதிவேட்டுக்கு மாற்றியதும் கேமராவிலேயே ஃபார்மேட் செய்துவிடுங்கள்.