மூக்கில் இரண்டாவது அறுவை: பழைய பேப்பரிலிருந்து மூக்குத்தி வரை

மூக்கின் வடிவத்தையோ மூச்சுவழியையோ சரிசெய்யும் முதல் அறுவை முடிந்த மூன்றாம் மாதமே கண்ணாடி முன் நின்று "சரியா வரலை" என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. அப்போது தெரிவது பாதி வீக்கம்தான். நுனியிலும் நுனிக்குச் சற்று மேலேயும் அது கடைசியாகத்தான் வடியும். தடித்த, எண்ணெய்ப் பசையுள்ள தோலென்றால் ஒன்றரை வருடம்கூட ஆகும். மறு அறுவைக்குக் குறைந்தது 12 மாதம் காத்திருக்கச் சொல்வது இதற்காக மட்டுமல்ல. உள்ளே தழும்பு இறுகிச் சிவந்து கிடக்கும் நாட்களில் கத்தி வைத்தால் தோலும் குருத்தெலும்பும் ஒழுங்காகப் பிரியாது. நுனித் தோலுக்கு ரத்தம் கொடுக்கும் சின்ன நாளங்கள் அறுபடும், ஆறும்போது முன்னைவிட அதிகமாகத் தழும்பு விழும். அடிபட்டு விலகிய எலும்பு, சீழ் பிடித்த அல்லது தோலைத் துளைத்து வெளியே வரப்பார்க்கும், மூக்கை உயர்த்த முன்பு உள்ளே வைத்த சிலிக்கான் துண்டு ஆகியவற்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது.

காத்திருக்கும் காலத்தில் உங்கள் குறையை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். "மூக்கு பிடிக்கலை" என்பதை வைத்து எந்த டாக்டரும் அறுவை செய்ய முடியாது. "இடப்பக்கம் மூச்சு இழுக்கும்போது மூக்கு மடல் உள்ளே ஒட்டுகிறது", "நுனிக்கு மேல் கிளி மூக்கு மாதிரி புடைத்திருக்கிறது" என்றால் முடியும். ஒரே தோற்றத்துக்கு நேரெதிரான காரணங்கள் இருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள். கிளி மூக்குப் புடைப்பு, எடுக்க வேண்டிய குருத்தெலும்பை விட்டுவிட்டதாலும் வரும். அளவுக்கு மீறி எடுத்து அந்தப் பள்ளத்தைத் தழும்பு நிரப்பியதாலும் வரும். தாங்கல் போய் நுனி கீழே சரிந்ததாலும் வரும். முதல் வகைக்குச் செதுக்கினால் சரியாகும். மற்ற இரண்டுக்கும் செதுக்கினால் இன்னும் கெடும்.

மூச்சுத் தொல்லைக்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. மூக்கை ஒட்டிய கன்னத்தில் விரலை வைத்து வெளிப்பக்கமாக மெல்ல இழுத்துக்கொண்டு மூச்சை இழுங்கள். அடைப்பு சட்டென்று விட்டால், மூக்கின் நடுப்பகுதியில் காற்று போகும் இடுக்கு குறுகியிருக்கலாம். நன்றாக இருக்கும் மூக்கிலும் இது கொஞ்சம் இலகுவாகத்தான் தோன்றும், அதனால் டாக்டர் மெல்லிய கம்பியை உள்ளே விட்டுப் பக்கச் சுவரைத் தூக்கிப் பார்த்துத்தான் உறுதி செய்வார். வைத்தியம், நடுச்சுவரின் ஓரத்தில் பாதித் தீக்குச்சி அளவுள்ள குருத்தெலும்புக் கீற்றைச் செருகி அந்த இடுக்கை அகட்டுவது. 'ஸ்பிரெடர் கிராஃப்ட்' என்பார்கள்.

அடுத்தது பேப்பர். டிஸ்சார்ஜ் சம்மரியில் அறுவையின் பெயர் ஒரு வரியில்தான் இருக்கும், அது உதவாது. வேண்டியது ஆபரேஷன் நோட்: எங்கிருந்து எவ்வளவு குருத்தெலும்பு எடுத்தார்கள், எதை வைத்தார்கள், எங்கே தைத்தார்கள் எல்லாம் அதில்தான் இருக்கும். இந்தியாவில் 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின்படி நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் 3 வருடம் வரை பாதுகாக்கத்தான் கட்டாயம், அதனால் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். முதல் அறுவைக்கு முந்தைய போட்டோக்களும் வேண்டும். இடையில் மூக்கில் ஃபில்லர் (பள்ளத்தை நிரப்பும் ஜெல்) ஊசி போட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

குருத்தெலும்பு எங்கிருந்து வரும்?

முதல் முறை கைக்கெட்டிய சரக்கு பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும். மறு அறுவையின் தலைவலியே இதுதான். நடுச்சுவரில் மேல் ஓரத்திலும் முன் ஓரத்திலும் தலா 1 செ.மீ. அகலம், கவிழ்த்த 'ட' மாதிரி, மிச்சம் இருந்தாக வேண்டும். அதையும் எடுத்தால் மூக்கு சேணம் போல நடுவில் குழிந்துவிடும். எடுத்தது போக ஏதாவது இருக்கிறதா என்று டாக்டர் உள்ளே குச்சியால் தட்டிப் பார்ப்பார், தேவைப்பட்டால் சிடி ஸ்கேன் எடுப்பார்.

காது மடலின் குழிவிலிருந்து எடுப்பது சுலபம், வெளி விளிம்பைத் தொடாததால் காதின் வடிவமும் பெரிதாக மாறாது. ஆனால் அது வளைந்த, மெத்தென்ற குருத்தெலும்பு. மடல் ஓரத்துக்கும் நுனிக்கும் பொருந்தும், தூண் மாதிரி நின்று தாங்கச் சொன்னால் தாங்காது.

தாங்கல் வேண்டுமென்றால் விலா எலும்பின் குருத்துதான், பெரும்பாலும் 6 அல்லது 7-வது விலா. பெண்களுக்கு மார்பின் அடிமடிப்பில் சில செ.மீ. வெட்டு போதும். இதிலும் இரண்டு சிக்கல்கள். ஒரு பக்கம் மட்டும் சீவினால் மாதங்கள் கழித்து வாழைப்பழம் போல வளையும். அதனால் நடுப்பகுதியை இரு பக்கமும் சமமாகச் சீவி, சலைனில் ஊறவைத்து, வளைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பொருத்துவார்கள். வயது ஏற ஏற இந்தக் குருத்து சுண்ணாம்பாக இறுகிச் சீவும்போது உடையும் என்பது அடுத்தது. நடுவயதைத் தாண்டியவர்கள் இதற்குத் தனியாக ஸ்கேன் வேண்டுமா என்று கேட்கலாம். நுரையீரல் உறையில் ஓட்டை விழுவது அபூர்வம், என்றாலும் வெட்டை மூடுமுன் அதில் சலைனை ஊற்றி, நுரையீரலை ஊதவைத்து, குமிழி வருகிறதா என்று பார்ப்பது முறை.

ஏற்கெனவே தழும்பேறி மெலிந்த தோலுக்கடியில் "சிலிக்கான் வைச்சிடலாம்" என்று யாராவது சுலபமாகச் சொன்னால், இன்னொரு டாக்டரைப் பார்ப்பதே நல்லது. சீழ் பிடிப்பதற்கும் துருத்திக்கொண்டு வெளியே வருவதற்கும் வாய்ப்பு அங்கேதான் அதிகம். டாக்டர் எம்.எஸ். இ.என்.டி.யாகவோ எம்.சிஹெச். பிளாஸ்டிக் சர்ஜரியாகவோ இருக்கலாம். மறு அறுவை எத்தனை செய்திருக்கிறார், விலாக் குருத்தை அவரே எடுப்பாரா, ஒரு வருடம் கழித்து எடுத்த போட்டோக்களைக் காட்டுவாரா என்பதுதான் கேள்வி. அழகுக்கான அறுவைக்கு இன்ஷூரன்ஸ் வராது. மூச்சுக்காக என்றால் வரலாம், முன் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

அறுவைக்கு முன்

சிகரெட்டை முன்னும் பின்னும் 4 வாரமாவது நிறுத்த வேண்டும். நிகோட்டின் சூயிங்கமும் இதில் சேர்த்தி. ஏற்கெனவே ஒருமுறை திறந்த மூக்கில், இரு துவாரங்களுக்கு நடுவே உள்ள தோல் பட்டைக்கு ரத்த ஓட்டம் குறைவு. நிகோட்டின் அதையும் சுருக்கினால் தோல் கறுத்து அழுகும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை ஆகியவற்றை 1 முதல் 2 வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது, எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேளுங்கள். முன்பக்கம் பொத்தான் உள்ள சட்டை நாலைந்து எடுத்துவையுங்கள். தலைவழியாகக் கழற்றும் பனியன் முதல் வாரத்தில் மூக்குக்கு எதிரி.

முழு மயக்கம்தான், எனவே 6 மணி நேரத்துக்கு முன் சாப்பாடு, 2 மணி நேரத்துக்கு முன் தண்ணீர், அதோடு சரி. விலாவும் சேர்ந்தால் அறுவை 4, 5 மணி நேரம் ஆவது சகஜம். வெளியே காத்திருப்பவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

முதல் பத்து நாள்

இரண்டு தலையணை வைத்து 30 முதல் 45 டிகிரி சாய்ந்து மல்லாந்து படுங்கள். முதல் 48 மணி நேரம் கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் 10, 15 நிமிடம் குளிர் ஒத்தடம், பிறகு இடைவெளி. மூக்கின் மேலேயே ஐஸை வைக்க வேண்டாம். மரத்துப்போன தோலுக்குச் சுடுவதும் தெரியாது, உறைவதும் தெரியாது. வலிக்குப் பாராசிட்டமால் பெரும்பாலும் போதும். விலா வலி மூக்கு வலியைவிட மோசமாக இருக்கும். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள், வலிக்குப் பயந்து மூச்சைப் பாதியில் நிறுத்தாதீர்கள். காதில் வைத்த கட்டுக்கடியில் திடீரென்று விண்ணென்று வலித்தால் ரத்தம் கட்டியிருக்கும், அன்றே காட்டுங்கள்.

சலைன் ஸ்பிரே ஒரு நாளைக்கு 4, 6 தடவை. பொருக்கை நகத்தால் பெயர்க்காமல், டாக்டர் கொடுத்த களிம்பைக் காது பட்ஸில் தொட்டுத் துவாரத்தின் விளிம்பில் மட்டும் உருட்டினால் தானே இளகி வரும். மூக்கைச் சிந்துவது 2, 3 வாரத்துக்கு இல்லை. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மிவிடுங்கள், அடக்கினால் அழுத்தம் உள்ளேதான் போகும். மூக்கடைக்கிறதே என்று ஆவி பிடிப்பது நம் வீடுகளில் முதலில் தோன்றும் வைத்தியம். இங்கே அது ரத்தக் கசிவையும் வீக்கத்தையும் கூட்டும். காரசாரமான ரசம், முறுக்கு, கரும்பு எல்லாம் சில வாரம் தள்ளியிருக்கட்டும். மூக்கின் மேல் அசையாமல் பிடிக்க வைத்த சிம்பும் வெளித் தையலும் 5 முதல் 7 நாளில் பிரியும். அன்று தெரியும் மூக்கு தூக்கலாகவும் அகலமாகவும்தான் இருக்கும்.

இவற்றில் எது வந்தாலும் ராத்திரி என்றுகூடப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்: இரு பக்கமும் முழுக்க அடைத்து வலி கூடிக்கொண்டே போவது (நடுச்சுவரில் ரத்தம் கட்டினால் சில நாளில் குருத்தெலும்பு செத்துவிடும்), காய்ச்சலும் துடிப்பும், நுனித் தோல் நீலம்பாய்வது அல்லது கறுப்பது, பார்வை மங்குவது, குனிந்தால் தண்ணீர் மாதிரி சொட்டுவது, மூச்சுத் திணறல். ரத்தம் வடிந்தால் தலையை முன்சாய்த்து உட்காருங்கள், அண்ணாந்தால் தொண்டைக்குள் போகும். 15 நிமிடத்தில் நிற்காவிட்டால் கிளம்புங்கள்.

பிறகு வரும் மாதங்கள்

நடை மறுநாளே, ஜிம்மும் பளு தூக்குவதும் 4 வாரத்துக்குப் பின். மூக்குக் கண்ணாடி 4 முதல் 6 வாரம் கூடாது, நெற்றியில் டேப் ஒட்டித் தொங்கவிடலாம். முகத்தை மூடும் ஹெல்மெட்டைப் போடும்போதும் கழற்றும்போதும் மூக்கில் இடிக்கும், அதுவரை பஸ்ஸில் போங்கள். மடியில் இருக்கும் குழந்தையின் தலைதான் ஆறும் மூக்கை அதிகம் பதம் பார்ப்பது. சில வாரம் பக்கத்தில் உட்காரவைத்துக் கொஞ்சுங்கள்.

நுனிக்கு மேல் வீக்கம் நின்றுவிட்டால் ராத்திரியில் பேப்பர் டேப் ஒட்டச் சொல்வார்கள். அதிலும் அடங்காவிட்டால் ஸ்டீராய்டு ஊசி, ஒரு துளி அளவு, ஆழத்தில், வாரக்கணக்கான இடைவெளியில். மேலாகவோ அதிகமாகவோ போட்டால் தோல் மெலிந்து பள்ளம் விழும். நுனி மரத்திருப்பதும் மேலுதடு விறைத்துச் சிரிப்பு மாறியிருப்பதும் மாதங்களில் சரியாகும்.

மாதம் ஒருமுறை, ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், ஒன்றரை மீட்டர் தள்ளி இன்னொருவரை விட்டுப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். கை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் மூக்கு இருப்பதைவிடப் பெரிதாகத்தான் விழும். காலையில் வீக்கம் அதிகம், எனவே எப்போதும் மாலையில் எடுங்கள்.

மூக்குத்தியை அறுவைக்கு முன்பே கழற்றியிருப்பார்கள். திரும்பப் போடுவது டாக்டர் மடலைத் தொட்டுப் பார்த்துச் சொன்ன பிறகுதான். ஓட்டை தூர்ந்துபோயிருந்தால் அதே இடத்தில் புதிதாகக் குத்த அவசரப்படாதீர்கள். அந்த இடத்துக்கு அடியில் இப்போது ஒரு கிராஃப்ட், அதாவது பொருத்திய குருத்தெலும்புத் துண்டு, இருக்கலாம், ஆபரேஷன் நோட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.