கல்லூரி கவுன்சிலரிடம் போகும்போது செய்யக் கூடாத தவறுகள்

அரியர் ஏறிக்கொண்டே போகிறது, ஹாஸ்டலில் தூக்கம் வருவதில்லை, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. இப்படி இருக்கும் மாணவரிடம் கல்லூரியின் மனநல ஆலோசகரை, அதாவது கவுன்சிலரைப் பார்க்கச் சொன்னால், "அந்த அளவுக்கு எனக்கு ஒன்றும் இல்லை" என்று பதில் வரும். முதல் தவறு இதுதான். இரண்டு வாரமாகச் சாப்பாடும் தூக்கமும் படிப்பும் தாறுமாறாக இருந்தாலே போய்ப் பார்க்கலாம்.

அடுத்தது, மென்டரையும் கவுன்சிலரையும் ஒன்றாக நினைப்பது. பல கல்லூரிகளில் 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று மென்டர் இருப்பார். உங்கள் மதிப்பெண், வருகைப்பதிவு, வீட்டு நிலவரம் எல்லாம் அவரது நோட்டில் இருக்கும். துறைத்தலைவரும் அதைப் பார்க்கலாம். நல்ல மனிதராகவே இருந்தாலும் உங்களுக்கு இன்டர்னல் மார்க் போடுபவரும் அவராக இருக்கக்கூடும். கவுன்சிலர் உளவியலோ சமூகப்பணியோ படித்தவர். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஒருவராவது இப்படி இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லிவிட்டது. உங்கள் கல்லூரியில் யார் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

எனக்கு மிகவும் கவலை தருவது மூன்றாவது தவறு: வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் முக்கியமான விஷயத்தை மறைத்து, "படிப்பில் கவனம் இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது. மனநலச் சிகிச்சை பெறுபவரின் விவரங்கள் ரகசியமாக இருக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. கவுன்சிலர்களின் தொழில் நெறியும் அதுவே. ஆனாலும் எல்லாக் கல்லூரியிலும் நடைமுறை ஒரே மாதிரி இருப்பதில்லை. அதனால் உட்கார்ந்ததுமே கேட்டுவிடுங்கள்: "நான் சொல்வது யாருக்கெல்லாம் போகும்? குறிப்பு எழுதுவீர்களா? அது எங்கே இருக்கும்?" இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல கவுன்சிலர் நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுவார்.

ரகசியத்துக்கு எல்லையும் உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் அவர் மற்றவர்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். 18 வயது நிறையாதவருக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால், போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். முதலாண்டில் பலருக்கு வயது 17தான் என்பதால் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதல் சந்திப்பு பெரும்பாலும் முக்கால் மணி நேரம் இருக்கும். வீடு, நண்பர்கள், தூக்கம், பழைய உடல்நலக் குறைவு என்று கேள்விகள் வரும். "சாகலாம் என்று எப்போதாவது தோன்றியதா?" என்று நேராகவே கேட்கலாம். பதற வேண்டாம், வழக்கமாகக் கேட்கும் கேள்விதான். உண்மையைச் சொல்லுங்கள்.

அன்றைக்கே தீர்வு கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். கோர்ஸை மாற்றுவதா, காதலை வீட்டில் சொல்வதா என்பதையெல்லாம் அவர் உங்களுக்காக முடிவு செய்ய மாட்டார். நீங்களே யோசித்து முடிவெடுக்கத் துணை நிற்பார். வருகைப்பதிவு குறைவையும் அவரால் சரிசெய்ய முடியாது. மருந்து எழுதவும் மாட்டார், அது மனநல மருத்துவரின் வேலை. மருத்துவரைப் பாருங்கள் என்று அனுப்பினால், "பைத்தியம் என்று முடிவு செய்துவிட்டார்கள்" என்று நினைத்து நின்றுவிடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே இலவசமாகவே பார்க்கலாம்.

ஒருமுறை போய்ப் பிடிக்கவில்லை என்றால், சரி, அதை அவரிடமே சொல்லலாம். வேறொருவரைப் பார்க்க முடியுமா என்றும் கேட்கலாம். புத்திமதி சொல்லியே அனுப்புகிறவராக இருந்தால், அவரை வைத்து எல்லாக் கவுன்சிலர்களையும் எடைபோட வேண்டாம்.

கல்லூரி மூடிய பிறகு மனசு தாங்கவில்லை என்றால் காலை வரை காத்திருக்காதீர்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.