வீட்டுத் திரைக்கு வந்த புதுப்படத்தைப் பற்றி நகைச்சுவையாக எழுதும் முறை

2020 மே 29 அன்று 'பொன்மகள் வந்தாள்' திரையரங்குக்குச் செல்லாமல் நேரடியாக அமேசான் பிரைமில் வெளியானது. அதன்பின் வீட்டிலிருந்தே முதல் நாள் விமர்சனம் எழுதுவது நமக்குப் பழகிவிட்டது.

படத்தை முதலில் கைப்பேசியைத் தொடாமல் முழுவதுமாகப் பாருங்கள். பாதி பார்த்துவிட்டுக் கேலி செய்வது உழைத்தவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன். இரண்டாம் முறை பார்க்கும்போது குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, உறுத்தும் இடங்களை நிமிடக் கணக்கோடு குறித்துக்கொள்ளுங்கள். நிறுத்தவும் பத்து விநாடி பின்னே செல்லவும் முடிவதுதான் வீட்டுத் திரையின் பெரிய வசதி.

கொட்டும் மழையில் தொப்பலாக நனைந்த நாயகன், வாசற்படியைத் தாண்டியதும் சட்டை மடிப்புக் கலையாமல் நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். "லாஜிக் இல்லை" என்று எழுதினால் யாரும் சிரிக்கமாட்டார்கள். "நாயகன் வீட்டு நிலைப்படியிலேயே இஸ்திரிக்காரர் குடியிருக்கிறார்" என்று எழுதினால், குறையும் விளங்கும், சிரிப்பும் வரும். பொதுவாகத் திட்டுவதைவிட, கண்ணால் கண்ட ஒன்றைச் சற்றே நீட்டிச் சொல்வதில்தான் நகைச்சுவை பிறக்கிறது.

நடிகரின் உடல், நிறம், வயது ஆகியவற்றைத் தொடாதீர்கள், முடிவையும் சொல்லிவிடாதீர்கள். நன்றாக அமைந்த காட்சி ஒன்றையாவது மனமாரப் பாராட்டுங்கள். எழுதியதை வீட்டிலுள்ள ஒருவரிடம் உரக்கப் படித்துக்காட்டி, அவர் சிரிக்காத வரிகளைத் தயங்காமல் நீக்கிய பிறகு வெளியிடுங்கள்.