ஜப்பான் போக்கர் ப்ரோ மாதிரி ஆசிய சர்க்யூட்டுல இறங்குறவங்க பண்ணக்கூடாத தப்புகள்

போக்கர்ங்குற சீட்டாட்டத்துல ஜப்பான்னாலே நவோயா கிஹாரா பேரு வந்துடும். 2012ல வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர்ல பாட் லிமிட் ஒமாஹாங்குற போக்கர் வகையில ஈவென்ட் ஒண்ணு ஜெயிச்சு 5,12,029 டாலர் வாங்கினாரு, அந்த சீரிஸ்ல ஜெயிச்சவங்களுக்கு குடுக்குற பிரேஸ்லெட் ஜப்பானுக்கு வந்தது அதுதான் முதல் தடவ. அப்புறம் ஷீனா ஒகமோட்டோ, 2023ல அதே சீரிஸோட லேடீஸ் சாம்பியன்ஷிப்ல ரெண்டாவது வந்துட்டு, 2024லயும் 2025லயும் அதே ஈவென்ட்ட ஜெயிச்சாங்க, எவ்ளோ பெரிய விஷயம் அது! இதப் பாத்துட்டு வேலைய விட்டுட்டு கிளம்புறவங்க சறுக்குறது அதிகமா காசு கணக்குலதான், அதனால அதுலேந்தே ஆரம்பிக்கிறேன்.

டோர்னமென்ட் ரிசல்ட் போடுற சைட்ல ஒரு பிளேயர் பேருக்குப் பக்கத்துல இருக்குற தொகைய லாபம்னு நினைச்சுடாதீங்க. அது வாங்கின பரிசு மட்டும்தான், கட்டின பை-இன், அதாவது நுழைவுக் கட்டணம், அதுல கழிக்கவே இல்ல. ஒரு கணக்குக்கு, வருஷத்துக்கு 1,500 டாலர்ல 30 டோர்னமென்ட், நடுவுல தோத்துட்டு அதே தொகைய கட்டி திரும்ப நுழையுற ரீ-என்ட்ரி 10, மொத்தம் 60,000 டாலர் போயிடுச்சு. சைட்ல 70,000னு காட்டினாலும் கையில நிக்குறது 10,000, அதுலதான் ஃபிளைட், ரூம், சாப்பாடு எல்லாம். இத ஒரு வருஷம் நோட்டுல எழுதிப் பாக்காம யாரும் வேலைய விடாதீங்க, ப்ளீஸ்.

ஜப்பான்ல காசு வெச்சு ஆடுறது குற்றம். சாதாரண சூதாட்டத்துக்கு 5 லட்சம் யென் வரைக்கும் அபராதம், வழக்கமா ஆடுறவங்கன்னு ஆச்சுன்னா 3 வருஷம் வரைக்கும் ஜெயில். ஃபாரின் சைட் தானே, வீட்டுல உக்காந்து ஆன்லைன்ல ஆடலாமேன்னு நினைக்குறது பெரிய தப்பு, ஜப்பான்ல இருந்து ஆடினா அதுவும் குற்றம்தான். ஒசாகால 2030 வாக்குல காசினோ திறக்க வேலை நடக்குது, அதுவரைக்கும் மணிலா, தைபே, கொரியாவுல இன்சியோன், ஜேஜுன்னு பறந்துதான் ஆகணும்.

அதனால பழகுறதெல்லாம் ஊர்ல இருக்குற, பொழுதுபோக்குக்கு மட்டும் ஆடுற அம்யூஸ்மென்ட் போக்கர் பார்ல. அங்க சிப்ஸ காசா மாத்த முடியாது, ஒரே ராத்திரில முடிக்கணும்னு பிளைண்ட், அதாவது கட்டாயமா வெக்க வேண்டிய பந்தயம், வேகமா ஏறும், வெளிய போனா கொஞ்சம் காசு கட்டி திரும்ப உக்காந்துக்கலாம். ஆல்-இன், அதாவது இருக்குற சிப்ஸ் மொத்தத்தையும் தள்ளுறது கைக்கு பழகிடும். அதே பழக்கத்தோட, மூணு நாலு நாள் ஓடுற மெயின் ஈவென்ட்டுக்குப் போய் உக்காந்தா முதல் நாள் மதியமே வெளிய. இன்னும் மூணு பேர் வெளிய போனா மிச்சம் இருக்குறவங்களுக்கெல்லாம் பரிசுங்குற நேரத்துல இது இன்னும் வலிக்கும், ஏன்னா அப்ப சிப்ஸ் ரெண்டு மடங்கானா அதோட மதிப்பு ரெண்டு மடங்கு ஆகாது, ஆனா போச்சுன்னா மொத்தமும் போச்சு. உங்க சீட்டு சுமாரா இருக்குறப்ப, உங்களவிட நிறைய சிப்ஸ் வெச்சிருக்குறவரோட மோதாதீங்க.

கேஷ் தூக்கிட்டுப் போறவங்களுக்கு ஒண்ணு: 10 லட்சம் யென்னுக்கு மேல இருந்தா ஜப்பான விட்டு போறப்பவும் வர்றப்பவும் கஸ்டம்ஸ்ல எழுதிக் கொடுக்கணும், கொரியா, பிலிப்பைன்ஸ்ல 10,000 டாலர தாண்டினா சொல்லணும். ஜெயிச்ச சந்தோஷத்துல இத மறந்துடுறாங்க. அப்புறம் டாக்ஸ், வெளிநாட்டுல ஜெயிச்சாலும் ஜப்பான்ல குடியிருக்குறவங்க கணக்கு காட்டித்தான் ஆகணும், அத எப்பவாவது வர்ற வருமானம்னு எடுத்துக்கிட்டாங்கன்னா தோத்த டோர்னமென்ட்டோட பை-இன்ன அதுல கழிக்க முடியாது. முதல் பெரிய பரிசு வர்றதுக்கு முன்னாடியே ஒரு டாக்ஸ் ஆள பாத்து பேசிடுங்க.

டேபிள்ல ஒரு ஹேண்ட் (ஒரு சுற்று) ஓடுறப்ப பக்கத்துல இருக்குற ஜப்பான் ஃபிரெண்டுகிட்ட ஜப்பானீஸ்ல பேசாதீங்க, பெரும்பாலான இடத்துல இங்கிலீஷும் அந்த ஊர் மொழியும் மட்டும்தான், பெனால்டி வரும்.

கடைசியா, பை-இன்ல பங்கு விக்குறது, அதாவது இன்னொருத்தர் உங்க பை-இன்ல ஒரு பங்க கட்டி பரிசுல பங்கு எடுத்துக்குறது. எத்தனை பர்சன்ட், ரீ-என்ட்ரி போட்டா அதுலயும் பங்கு வாங்கினவருக்கு பங்கு உண்டா, டாக்ஸுக்கு முன்னாடியா பின்னாடியா பிரிக்குறது, இதெல்லாம் முதல் சீட்டு விழறதுக்கு முன்னாடி மெசேஜ்லயாவது எழுதி ரெண்டு பேரும் ஓகே சொல்லிடணும், ஃபைனல் டேபிள் பிரேக்ல நின்னு பேச ஆரம்பிச்சா ஆட்டமும் போகும் நட்பும் போகும்.