டீசலில் 10 பிபிஎம் கந்தகம்: அளப்பது எப்படி?

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ் 6 (பாரத் ஸ்டேஜ் என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதி) எரிபொருள்தான். பெட்ரோல், டீசல் இரண்டிலும் கந்தகம் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராமை, அதாவது 10 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 10 பங்கு), தாண்டக் கூடாது. பிஎஸ் 4-இல் இது 50 ஆக இருந்தது. வரம்பு இவ்வளவு இறங்கிய பிறகு, முடிவைக் கெடுப்பது பெரும்பாலும் கருவி அல்ல; பாட்டில் மூடி, சிரிஞ்ச், அடர்த்தி எண் போன்ற சில்லறை விஷயங்கள்தான். சென்னை மணலிப் பக்கம் எண்ணெய் ஆலை ஆய்வக வேலைக்குப் போகவிருக்கும் மாணவர்கள் இவற்றை முதலிலேயே பழகிக்கொள்வது நல்லது.

இங்கே சொல்வது ஏஎஸ்டிஎம் (சோதனை முறைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பு) வகுத்த டி5453, அதாவது புற ஊதா ஒளிர்வு முறை. 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஆக்சிஜனில் எரிபொருளை எரித்தால் மெர்காப்டன், சல்பைடு, தயோஃபீன் எதுவானாலும் அதிலுள்ள கந்தகம் கந்தக டை ஆக்சைடாகிறது. அதன்மேல் புற ஊதா ஒளி பட்டால் அது ஒளிரும். அந்த ஒளியைத்தான் கருவி அளக்கிறது.

1. மாதிரி எடுப்பது. பழுப்பு நிறக் கண்ணாடிப் பாட்டில், டெஃப்லான் உறை வைத்த மூடி. ரப்பர் அடைப்பான் வேண்டவே வேண்டாம்: ரப்பரைக் கெட்டிப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள், அது மெல்ல எரிபொருளில் இறங்கும். கத்திரி வெயிலில் பெட்ரோல் பாட்டிலைத் திறந்து வைத்தால் லேசான பகுதி ஆவியாகி, மிச்சத்தில் கந்தகம் கூடித் தெரியும். ஐஸ் பெட்டியில் கொண்டுவாருங்கள், திறந்ததும் ஊசியில் ஏற்றுங்கள்.

2. தரக் கரைசல், அதாவது கருவியை அளவுதிருத்தம் செய்ய உதவும், கந்தக அளவு தெரிந்த கரைசல். டைபென்சோதயோஃபீன் என்ற கந்தகச் சேர்மம் 0.5748 கிராம் எடுத்து, டொலுவீனில் கரைத்து 100 மில்லியாக்கினால் லிட்டருக்கு 1000 மில்லிகிராம் கந்தகம். புட்டியில் தூய்மை 98% என்றிருந்தால் 0.5865 கிராம் எடுக்க வேண்டும். இதில் 10 மில்லியை 100 ஆக்கினால் 100 மி.கி./லி. அதிலிருந்து 2, 5, 10, 15 மில்லி எடுத்து ஒவ்வொன்றையும் 100 மில்லியாக்கினால், அதே எண்களில் (மி.கி./லி.) அளவுதிருத்தக் கோட்டுக்கு நான்கு புள்ளிகள் கிடைக்கும். ஐந்தாவது புள்ளி வெறும் டொலுவீன். அதிலும் துளி கந்தகம் இருக்கலாம், அதனால் எல்லாக் கரைசலுக்கும் ஒரே புட்டி டொலுவீன். இந்த வேலை முழுவதும் ஆவியை வெளியே இழுக்கும் புகைக்கூண்டுக்குள்.

3. கருவி. எரிகுழாயில் கருப்புப் புகைக்கரி படிந்திருந்தால் எரிதல் முழுமையில்லை. ஆக்சிஜன் போதவில்லை, அல்லது ஊசியை வேகமாக அழுத்தியிருக்கிறீர்கள். விநாடிக்கு 1 மைக்ரோலிட்டர் போதும். எரிபொருளிலுள்ள ஹைட்ரஜன் எரிந்து வரும் நீராவியை, கருவியிலுள்ள உலர்த்திச் சவ்வு (ஈரத்தை வெளியேற்றும் மெல்லிய குழாய்) நீக்கிவிட வேண்டும். நீக்காவிட்டால் ஒளிர்வு மங்கி எண் குறையும். மழைக்கால ஈரத்தில் அடிக்கோடு (மாதிரி இல்லாதபோது கருவி காட்டும் அளவு) மெல்ல நகர்ந்தால் முதலில் இந்தச் சவ்வையும் அதற்கு வரும் உலர் வாயுவையும் பாருங்கள்.

4. செலுத்துவது. ஒவ்வொரு மாதிரியும் மூன்று முறை. அதற்கு முன் அதே மாதிரியால் சிரிஞ்சைப் பலமுறை கழுவுங்கள். கந்தகம் நிறைந்த மண்ணெண்ணெய்க்குப் பிறகு டீசலை ஓட்டினால், முதல் எண்ணில் மண்ணெண்ணெயின் மிச்சமும் சேர்ந்திருக்கும். நடுவில் டொலுவீனை ஓட்டி எண் இறங்கியதா என்று பார்த்துவிட்டே தொடருங்கள்.

5. கணக்கு. புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. கருவி தருவது மி.கி./லிட்டர், சட்டம் கேட்பது மி.கி./கிலோ. டீசலுக்கு 8.3 மி.கி./லி. வந்தால் தப்பித்தோம் என்று தோன்றும். அடர்த்தி லிட்டருக்கு 0.82 கிலோவாக இருந்தால் 8.3 ÷ 0.82 = 10.1. அதாவது வரம்பு மீறிவிட்டது! அடர்த்தியும் ஊசியில் ஏற்றும்போது இருந்த வெப்பநிலைக்குரியதாக வேண்டும். சான்றிதழில் உள்ள 15 டிகிரி எண்ணை 35 டிகிரி அறையில் போட்டால் ஏறத்தாழ 1.7% குறைத்துச் சொல்வீர்கள்.

டீசலில் செட்டேன் எண்ணை (எளிதில் தீப்பற்றும் தன்மையை) உயர்த்தும் நைட்ரேட் சேர்த்திருந்தால் நைட்ரிக் ஆக்சைடும் ஒளிர்ந்து எண்ணைக் கூட்டும். அப்படிப்பட்ட மாதிரியில் வரம்பை ஒட்டிய எண் வந்தால், எக்ஸ்-கதிர் முறையில் மறுபடி சரிபாருங்கள்.

இந்த முறை மொத்தக் கந்தகத்தை மட்டுமே சொல்லும். எந்தச் சேர்மம் என்று பிரித்தறிய வாயு நிறவரைவியும் கந்தகத்துக்கென்றே உள்ள உணரியும் வேண்டும். நன்கு சுத்திகரித்த டீசலில் கடைசிவரை தங்குவது பெரும்பாலும் 4,6-டைமெத்தில் டைபென்சோதயோஃபீன் வகைதான். இரண்டு மெத்தில் தொகுதிகள் கந்தக அணுவை இருபுறமும் மறைத்து, சுத்திகரிப்பில் கந்தகத்தை நீக்கும் வினையூக்கியை அண்டவிடாமல் செய்கின்றன.